பொந்து உள்ள சுண்ணாம்புக்கல்: மெஷ்ஷைச் சிறிதாக்கினால் விடை இறங்கிக்கொண்டே போகிறது, உதவுங்கள்

கல்லுக்குள்_ஈரம்: மும்பை ஹை எண்ணெய் வயலில் இருப்பதுபோல, நுண்துளைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் பொந்துகளும் உள்ள சுண்ணாம்புக்கல்லில் திரவ ஓட்டத்தைக் கணக்கிட நிரல் எழுதுகிறேன். ஸ்டோக்ஸ்–பிரிங்க்மன் சமன்பாடு (பொந்தில் தடையின்றி ஓடுவதையும் பாறையில் ஊறி ஓடுவதையும் ஒன்றாகச் சொல்வது), பி2–பி1 எலிமெண்ட் (மெஷ்ஷின் ஒவ்வொரு சிறு துண்டிலும் திசைவேகத்துக்கு இருபடி, அழுத்தத்துக்கு ஒருபடி). முதலில் ஒரு எளிய சோதனை: இருபரிமாணத்தில் 10 செ.மீ. சதுரம், நடுவில் 1 செ.மீ. ஆரமுள்ள வட்டப் பொந்து, இடமிருந்து வலமாக அழுத்த வேறுபாடு, மேலும் கீழும் அடைப்பு. பாறையின் ஊடுருவுதிறன் (திரவத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது) 10 மில்லிடார்சி, அதாவது ஏறக்குறைய 10⁻¹⁴ மீ². பொந்துக்குள் பெரிய எண்ணாக ஏதாவது வேண்டுமே என்று 1 மீ² போட்டேன்.

பொந்து இருப்பதால் மொத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், மெஷ், அதாவது ஒரு துண்டின் அளவு, 2.5 மி.மீ. இருக்கும்போது 10.3%, 1.25க்கு 8.3%, 0.625க்கு 7.4%. எங்கே போய் நிற்கும் என்றே தெரியவில்லை. போதாததற்குப் பொந்தின் விளிம்பில் திசைவேகம் ரம்பப்பல் மாதிரி ஆடுகிறது. சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை மாற்றியாச்சு, டாலரன்ஸை இறுக்கியாச்சு, இரண்டு வாரம் போனதுதான் மிச்சம்.

பழைய_மெஷ்காரன்: ஊடுருவுதிறனை எலிமெண்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறீர்களா, நோடு நோடாகவா (எலிமெண்டின் முனைப்புள்ளிகளிலா)?

கல்லுக்குள்_ஈரம்: நோடில்தான் அண்ணா. மெஷ் வட்டத்தோடு சரியாக ஒட்டித்தான் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன்.

பழைய_மெஷ்காரன்: அப்படியென்றால் சால்வர் மேல் பழி போடாதீர்கள், பாவம். விளிம்பு நோடில் 1, அடுத்த நோடில் 10⁻¹⁴. நடுவில் நேர்கோடாக இறங்கினால் அந்த எலிமெண்டின் உள்ளே எந்தப் புள்ளியை எடுத்தாலும் பாறையின் மதிப்பு வராது, எல்லாமே பொந்துதான். அதாவது உங்கள் பொந்து ஒரு எலிமெண்ட் அளவு பெருத்துவிட்டது. சரிபார்க்க ஒரு கைக்கணக்கு: பரப்பில் பொந்தின் பங்கு ப என்றால், இந்த அமைப்பில் ஓட்டம் ஏறக்குறைய (1+ப)/(1−ப) மடங்காகும். ஆரத்தோடு ஒரு மெஷ் அளவைக் கூட்டி 1.25 செ.மீ. என்று போட்டுப் பாருங்கள், உங்கள் 10.3 அப்படியே வரும், 1.125க்கு 8.3. உண்மையான 1 செ.மீ.க்கு 6.5% வர வேண்டும். ஊடுருவுதிறனை எலிமெண்டுக்கு ஒரே மதிப்பாக வையுங்கள், பொந்துக்குள், பாறையின் தடையைக் குறிக்கும் அந்த இழுவை உறுப்பையே சமன்பாட்டிலிருந்து தூக்கிவிடுங்கள். ஊடுருவுதிறனுக்குப் பதில் அதன் தலைகீழியை நோடில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், அப்படிச் செய்தால் பொந்து பெருத்தது கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது, அவ்வளவுதான்.

ஓடும்நீர்: ரம்பப்பல் வேறு கதை. பிரிங்க்மன் சமன்பாட்டில் விளிம்பை ஒட்டிய படலத்தின் தடிமன் ஊடுருவுதிறனின் வர்க்கமூலம் அளவில் இருக்கும், உங்களுக்கு 0.1 மைக்ரான். மெஷ் 625 மைக்ரான். எங்கே பிடிக்கப் போகிறீர்கள்? மொத்த ஓட்டம் மட்டும் போதுமென்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். விளிம்புத் திசைவேகமே வேண்டுமென்றால் பொந்தில் ஸ்டோக்ஸ் சமன்பாடு, பாறையில் டார்சி விதி (ஊறி ஓடுவதற்கானது) என்று பிரித்து, இடையில் 1967இல் பீவர்ஸும் ஜோசஃபும் சொன்ன வழுக்கு நிபந்தனையை (எல்லையில் திரவம் எவ்வளவு வழுக்கும் என்று சொல்வது), 1971இல் சாஃப்மன் எளிமையாக்கிய வடிவில் போடுங்கள்.

கல்லுக்குள்_ஈரம்: மாற்றிவிட்டேன். 6.4, 6.5, 6.5. பொந்தின் நடுக்கோட்டில் சராசரி வேகமும் பாறையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு வருகிறது. ரம்பப்பல் அப்படியே இருக்கிறது, இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்தது இரண்டு பொந்துகளை ஒரு விரிசலால் இணைத்துப் பார்க்கப் போகிறேன், அதற்கும் இப்படி ஒரு கைக்கணக்கு இருக்கிறதா அண்ணா?

பழைய_மெஷ்காரன்: இல்லை. அங்கே மெஷ்தான் துணை.