மெடிசின் போஸ்டிங் தொடங்குகிறது, வார்டில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

இளவேனில்
எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம், அரசு மருத்துவக் கல்லூரி. திங்கள் முதல் பொது மருத்துவத்தில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. சீனியர்களைக் கேட்டால், "மர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் ஓசை) உள்ள கேஸ், மண்ணீரல் வீங்கிய கேஸ் எந்தக் கட்டிலில் இருக்கிறது என்று பார்த்து வை, தேர்வுக்கு அதுதான் வரும்" என்கிறார்கள். காலையில் இரண்டு மணி நேரம்தான் வார்டு. போன வருடம் நோயாளி முன்னால் போய் நின்றாலே எனக்குப் பேச்சு வராது. எங்கிருந்து தொடங்குவது?

தெற்குச்சீமை டாக்டர்
இளவேனில், 16 வருடமாக மெடிசின் வார்டில் இருக்கிறேன். தேர்வுக் கேஸ்களை யாராவது உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். காட்டாமல் விடும் இரண்டைச் சொல்கிறேன்.

முதலில் மூச்சை எண்ணப் பழகுங்கள். பல கேஸ் ஷீட்டில் மூச்சு 18 அல்லது 20 என்றுதான் இருக்கும், எண்ணாமல் எழுதியது. நீங்கள் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சுவிடும் விதம் மாறிவிடும். அதனால் நாடி பார்த்த பிறகு கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கொண்டுபோங்கள். நிமோனியாவோ, சர்க்கரை ஏறி ரத்தத்தில் அமிலம் கூடியதோ, லேப் முடிவு வருமுன் பல நேரம் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது உடம்பு முழுக்கப் பார்ப்பது. நான் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருந்தபோது, ஒரு மார்கழியில், களை எடுக்கப் போகும் அம்மா ஒருவர் எட்டு நாள் காய்ச்சலோடு வந்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சேலைக்கு மேலேயே வைத்துக் கேட்டுவிட்டு, குறிப்பிடும்படி எதுவுமில்லை என்று எழுதிவிட்டேன். மறுநாள் உடம்பு துடைத்துவிட்ட சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இடது மார்பின் அடிமடிப்பில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம். வலியுமில்லை, அரிப்புமில்லை, அந்த அம்மாவுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்; அந்தப் பொருக்கு கடித்த இடம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுத்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. என்னால் ஒரு நாள் வீணானது. நுரையீரலைப் பிடித்திருந்தால் அந்த ஒரு நாளே உயிரைக் கேட்டிருக்கும்.

காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், தொப்புள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். பெண் நோயாளி என்றால் ஸ்கிரீன் போட்டு, சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்காகப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பி.ஜி. நைட் டூட்டி
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. நோயாளியின் வார்த்தையை உடனே ஆங்கிலமாக்கி எழுதிவிடாதீர்கள். "மயக்கமா வருது" என்பார்கள். தலை சுற்றுகிறதா, எழுந்தால் கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா, வெறும் அசதியா? நம் ஊரில் நான்குக்கும் மயக்கம்தான் பெயர். கண் இருட்டுகிறது என்றால் படுக்கவைத்து பி.பி. பாருங்கள், நிற்கவைத்து 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் ஒரு பிடி கிடைத்துவிட்டது. "வாயு பிடிச்சிருக்கு" என்று வியர்க்க வியர்க்க நெஞ்சைத் தடவுகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

அப்புறம், "சுகர் இருக்கா?" என்றால் "இல்லை" என்பார். மாத்திரை போடுவதால் இப்போது இல்லை என்பது அவர் கணக்கு. மஞ்சப்பையில் என்னென்ன மாத்திரை வைத்திருக்கிறார் என்று வாங்கிப் பாருங்கள்.

இளவேனில்
ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். மூச்சை எண்ணும்போது நோயாளி பேச ஆரம்பித்துவிட்டால்?

தெற்குச்சீமை டாக்டர்
பேசட்டும், கேளுங்கள். முடித்ததும் முதலிலிருந்து எண்ணுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்குகிறார் என்றால் எண்ண வேண்டாம், உடனே வார்டில் இருக்கும் பி.ஜி.யை (மேற்படிப்பு படிக்கும் டாக்டரை) கூப்பிடுங்கள்.