40லிருந்து 200 எம்பிபிஎஸ் போனால் கேமில் லேக் குறையுமா?

முத்துநகர் அண்ணாச்சி:

வணக்கம். தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் எனக்குக் கணக்கு எழுதுவதோடு சரி. வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர், மாதம் 499, வரியோடு 589. பையன் காலேஜ் இரண்டாம் வருஷம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாலரன்ட் ஆட உட்கார்ந்தால் "லேக் அடிக்குது" என்று மேஜையைத் தட்டுகிறான். 200 எம்பிபிஎஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அது 999, வரியோடு 1,179. கஸ்டமர் கேரில் கேட்டால் "சூப்பரா இருக்கும் சார்" என்கிறார்கள். விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

ரவுட்டர் வாசல் பக்கம் ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. பையன் அறை அடுப்படி தாண்டிக் கடைசியில். டெஸ்க்டாப்தான், ஆனால் வைஃபையில் ஓடுகிறது. மாதம் அறுநூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் வருத்தமில்லை. கொடுத்த பிறகும் மேஜையைத் தட்டினால்தான் வருத்தம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெட்ஷாட் தம்பி:

யோசிக்காமல் மாறுங்கள் அங்கிள். நானும் 40ல்தான் இருந்தேன். பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் மில்லி செகண்ட், திடீர் திடீரென்று 200, 300 என்று குதிக்கும். 200 பிளான் போட்டதும் ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போனார், அன்று ராத்திரியே வெண்ணெய் மாதிரி ஓடியது. பையன் பாவம், போட்டுக் கொடுங்கள்.

கம்பமேறி மதுரை:

அண்ணாச்சி, பொறுங்கள். நான் மதுரையில் ஃபைபர் லைன் வேலை பார்க்கிறவன். கம்பம் ஏறுவது, இழையை ஒட்டி ஸ்ப்ளைஸ் அடிப்பது, வீட்டுக்குள் பெட்டி மாட்டுவது எல்லாம் நம் வேலைதான்.

தம்பி எழுதியதில் "புது ரவுட்டர்" என்று ஒன்று வருகிறது பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. சின்ன பிளானுக்குப் பல இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் உள்ள பெட்டியை மாட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டி வைஃபையில் 200ஐக் காட்டாது. அதனால் பெரிய பிளானுக்கு 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த பெட்டி வரும். தம்பிக்கு லேக்கைத் தீர்த்தது அந்தப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு பிளானைத் திரும்ப 40க்கு இறக்கினாலும் ஆட்டம் அப்படியேதான் ஓடும்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு செகண்டில் எவ்வளவு டேட்டா வரும் என்பது. லேக் என்பது பையன் மவுஸை அமுக்கியது சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பது. இது வேறு, அது வேறு. இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஓரிரண்டு எம்பிபிஎஸ்ஸே தாராளம். கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்: முழு அளவு பாக்கெட் ஒன்று 1,500 பைட். 40 எம்பிபிஎஸ்ஸில் அதை அனுப்ப 0.3 மில்லி செகண்ட், 200ல் 0.06. மாதம் 590 ரூபாய் கூடக் கொடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது கால் மில்லி செகண்ட்.

மீதி நேரம் எங்கே போகிறது? முதலில் தூரம். இங்கே ஆடுகிறவர்களுக்குப் பக்கத்து வாலரன்ட் சர்வர் மும்பை. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட். லைன் நேர்கோட்டிலும் போகாது, ஊர் சுற்றித்தான் போகும். தூத்துக்குடியில் பிங் 35, 40 வந்தால் நல்ல பிங். எந்த பிளான் போட்டாலும் மும்பை கிட்ட வராது.

அடுத்தது வைஃபை. உங்கள் வீட்டு அமைப்பைப் படித்ததும் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். டிவிக்குப் பின்னால் ரவுட்டர், நடுவில் அடுப்படி, எங்காவது ஒரு இரும்பு பீரோவும் நிற்குமே? 2.4ல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவில் வீட்டுக்கு ஒரு ரவுட்டர். ஒரே சேனலில் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு போட்டால் அதுவும் அதே அலைவரிசையில் இரையும். எட்டு மணிக்கு மேல் ஊரே வீட்டில் இருக்கும், அப்போது என்ன ஆகும் பாருங்கள்.

காசு செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள். ராத்திரி பையன் அறையிலேயே கமாண்ட் பிராம்ப்ட் கறுப்பு ஜன்னலைத் திறந்து, பிங் போட்டு ரவுட்டர் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். கடைசியில் மைனஸ் டி சேர்த்தால் நிற்காமல் ஓடும். அது மும்பைக்குப் போகவில்லை, உங்கள் ஹால் வரைக்கும்தான் போய் வருகிறது. அதுவே குதித்தால் கோளாறு வீட்டுக்குள். அப்புறம் யாரிடமாவது நீள லான் கேபிள் இரவல் வாங்கி, தரையில் போட்டே ஒரு ராத்திரி ஆடச் சொல்லுங்கள்.

கேபிளிலும் குதித்தால்தான் எங்கள் பக்கம் பார்க்க வேண்டும். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒன்று காட்டும், வந்து சேருகிற ஒளியின் பலம் அது. மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ ஒயர் மடிந்திருக்கும், இல்லை எலி பார்த்திருக்கும். அதுவும் சரியென்றால் ஆபரேட்டர் தன் பக்கத்துப் பெட்டியில் ஒரு போர்ட்டில் எத்தனை வீட்டைத் தொங்கவிட்டிருக்கிறார் என்று கேட்க வேண்டும். ஜிபான் என்கிற ஃபைபர் முறையில் ஒரு போர்ட்டுக்கு 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதை 32 வீடும் பிரிக்கலாம், 64 வீடும் பிரிக்கலாம். இதை ஃபோனில் கேட்டால் பதில் வராது, லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

சிராங்கூன்வாசி:

மதுரைக்காரர் சொல்வது சரி. சிங்கப்பூரில் என் வீட்டில் 1 ஜிபிபிஎஸ். உள்ளூர் சர்வரில் பிங் ஒற்றை இலக்கம். திருச்சியில் இருக்கும் சித்தப்பா பையன்களுக்காக மும்பை சர்வர் போட்டால் எனக்கும் 60க்கு மேல் ஏறிவிடும். சென்னைக்கும் இங்கேக்கும் நடுவில் கடலடிக் கேபிளே 3,200 கிலோமீட்டர் கிட்ட. அதுவே 32 மில்லி செகண்டைத் தின்றுவிடுகிறது. அவர்கள் என்னை "ஜிபிபிஎஸ் அண்ணன்" என்று கிண்டல் செய்கிறார்கள்.

முத்துநகர் அண்ணாச்சி:

எல்லோருக்கும் நன்றி. பீரோ இருக்கிறது, என் மாமனார் கொடுத்தது. கறுப்பு ஜன்னலில் பார்த்தோம். ஹாலுக்குப் போய்வர 4, 6, 5, திடீரென்று 140, அப்புறம் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்". பையன் முகம் மாறிவிட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம் 20 மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டோம். இப்போது ரவுட்டருக்கு 1, ஆட்டத்தில் 38, அசையவில்லை.

ஆனால் மகள் கோலம் போடும் வீடியோவை யூடியூபில் ஏற்றுவாள். அவள் ஏற்ற ஆரம்பித்ததும் 38 என்பது 150 ஆகிறது. முடிந்ததும் இறங்கிவிடுகிறது. கேபிள் போட்டும் ஏன்?

கம்பமேறி மதுரை:

இது பெட்டிக்குள் நிற்கிற வரிசை. வீடியோ மேலே ஏறும்போது அப்லோட் முழுதும் நிரம்பி, பாக்கெட் எல்லாம் ரவுட்டரில் குவிகிறது. ரேஷன் கடையில் மூட்டைக்கு நிற்கிறவர்கள் பின்னால், கார்டில் ஒரு சீல் வாங்க வந்தவர் நிற்கிற மாதிரி பையனுடைய குட்டிப் பாக்கெட்டும் நிற்கிறது. பஃபர்புளோட் என்பார்கள்.

ரவுட்டர் செட்டிங்கில் க்யூஓஎஸ், அதாவது யாருக்கு முதல் இடம் என்று சொல்லும் வசதி, இருந்தால் மொத்த அப்லோடை 35 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டிவைத்து, பையன் கம்ப்யூட்டருக்கு முதல் இடம் கொடுங்கள். வரிசையைத் தானே ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரவுட்டர் என்றால் இன்னும் நல்லது. அதில் வரும் எஃப்க்யூ-கோடல், கேக் என்கிற முறைகள் எல்லாம் இந்த வரிசையைக் கலைக்கவே எழுதியவை. இந்த ஒரு இடத்தில் மட்டும் 200 கொஞ்சம் உதவும், வீடியோ சீக்கிரம் ஏறி முடியும். ஆனால் ஏறுகிற வரைக்கும் வரிசை நிற்கத்தான் செய்யும்.

முத்துநகர் அண்ணாச்சி:

35 போட்டாயிற்று. மகள் ஏற்றும்போதும் 45க்கு மேல் போகவில்லை. கேபிளைத் தரையில் விட்டால் வீட்டம்மா அறுத்துப் போட்டுவிடுவேன் என்கிறாள், பரண் வழியாக இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

பையன் இப்போது கட்சி மாறிவிட்டான். லேக் போகட்டும், புது கேம் 50 ஜிபி இறக்க 200 வேண்டுமாம்.

கம்பமேறி மதுரை:

அது நியாயம்தான் அண்ணாச்சி. 50 ஜிபி இறங்க 40ல் இரண்டே முக்கால் மணி நேரம், 200ல் 33 நிமிஷம். படுக்கப் போகும்போது டவுன்லோட் போட்டுவிடச் சொல்லுங்கள், காலையில் இறங்கியிருக்கும்.

முத்துநகர் அண்ணாச்சி:

அவன் படுப்பதே காலையில்தானே தம்பி.