மறு: திட்டமிடல் காலங்களைப் பொருத்துதல் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். மின்துறையில் பல நிறுவனங்கள் தனித்தனியே எழுதும் திட்டங்களின் காலங்களை ஒன்றோடொன்று பொருந்த வைப்பதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

> 'கால ஒருங்கிணைப்பு' என்றே வைத்துவிடலாமே?

மின்துறை ஆவணத்துக்குள் அது உடனே சிக்கிக்கொள்ளும். 'ஒருங்கிணைந்த வளத் திட்டம்', அதாவது வருங்கால மின்தேவையை எந்தெந்த மூலங்களால் நிரப்புவது என்ற திட்டம், அங்கே ஏற்கெனவே குந்தியிருக்கிறது. அதோடு, ஒருங்கிணைப்பு என்றதும் நிறுவனங்களையே ஒன்றாக்கப் போகிறார்கள் என்று வாசிப்பவர் நினைப்பார். இங்கே எதுவும் ஒன்றாவதில்லை. ஒவ்வொருவரும் தம் திட்டத்தைத் தாமே எழுதுவர். ஒருவரின் முடிவு அடுத்தவரின் மேசைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் வளத் திட்டச் சுற்று ஈராண்டு, மின் செலுத்துகைத் திட்டம் (உயரழுத்தக் கம்பிகளுக்கானது) ஆண்டுக்கொருமுறை, கட்டண வழக்கு (மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் விசாரணை) நான்காண்டுக்கொருமுறை. காலநிலைப் பாதிப்பு மதிப்பீட்டையும் 2020 இல் அந்த நான்காண்டுச் சுற்றோடு சேர்த்தார்கள். மின்கேள்வியை, அதாவது எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதை, முன்கணிப்பது எரிசக்தி ஆணைக்குழு, வளத்தைத் தெரிவது பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு, கம்பி எங்கே போகும் என்று பார்ப்பது மின்வலையமைப்பை இயக்கும் நிறுவனம். மூவரும் 2022 டிசெம்பரில் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டதே இந்த வரிசை குழம்பக்கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் பக்கம், இலங்கையில், 20 ஆண்டு மின்பிறப்பாக்கத் திட்டத்தை ஈராண்டுக்கொருமுறை புதுப்பிப்பது வழக்கம். பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின் கீழ் நாடு அளிக்கும் பங்களிப்பு உறுதிமொழி ஐந்தாண்டுக்கொருமுறை. இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்கினாலும் அடுத்த சந்திப்புக்குப் பத்தாண்டு பிடிக்கும்! இதற்கிடையில் 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கு வேறு. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரையே எடுங்கள். 500 மெகாவாட் நிலக்கரி நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரியமின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. எரிபொருள் மாறினால் கம்பி, உப மின்நிலையம், சேமிப்பு எல்லாவற்றின் கணக்கும் மாறும். சூரியமின் பலகைகளை விரைவாகப் பூட்டிவிடலாம், உயரழுத்தக் கம்பிக்குக் காணியும் அனுமதியும் எடுக்கவே காலம் போய்விடும். ஆகவே முந்தித் தொடங்க வேண்டியது கம்பித் திட்டம். 2025 பெப்ரவரி 9 நாடளாவிய மின்தடைக்குப் பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு பகலில் கேள்வி குறைந்து, சூரியமின் நிறைந்து, வலையமைப்பு தளர்ந்திருந்ததைப் பேசியவர்கள் குறைவு.

சொல்லுக்கு வருகிறேன். 'ஒத்திசைவு' வேண்டாம், மின்பிறப்பாக்கியை வலையமைப்போடு இணைக்கும் இடத்தில் அது தேவைப்படும். 'இணக்கம்' ஒழுங்குமுறை நூல்களில் விதிக்கு அமைவதைக் குறிக்கும். 'காலக்கெடு' கடைசி நாளை மட்டும் சொல்லும், வரிசையைச் சொல்லாது.

என் முன்மொழிவு: தவணை கோத்தல்.

கந்தளாய்க் குளத்துப் பெரும்போக (மழைக்கால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்தில் நடப்பது இதுதான். நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிவு நாள், மாடுகளை வயலைவிட்டு அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் ஒரே அமர்வில், ஒன்றையொன்று பார்த்து முடிவாகும். அதற்காக நீரைத் திறக்கும் நீர்ப்பாசனத் திணைக்களம், விவசாயிகளைப் பார்க்கும் கமநல சேவை நிலையமாக மாறிவிடுவதில்லை.

– திருகோணமலையிலிருந்து

---

> எங்கள் ஊரில் தவணை என்றாலே வங்கிக் கடன்தான் ஐயா. 'சுற்று' என்று வைத்தால் என்ன? தவிர, 'கோர்த்தல்' அல்லவா சரி?

சென்னை நண்பருக்கு,

பள்ளிக்கூடத் தவணை, வழக்குத் தவணை என்று இங்கே அன்றாடம் புழங்குகிறோம். கட்டண வழக்கு உள்ள இடத்தில் வழக்குத் தவணையின் சாயல் நல்லதுதான். 'சுற்று' வைத்தால் கம்பிச் சுற்றோடு குழம்பும். மின்பொறியியல் மாணவர் நம்மைத் திட்டுவார்கள். வேண்டுமானால் தமிழ்நாட்டுப் பதிப்பில் 'திட்டத்தவணை கோத்தல்' என்று நீட்டிக்கொள்ளுங்கள், கடன் நினைவு போய்விடும்.

கோ என்பதுதான் வினையடி: கோத்தான், கோக்கிறான், கோப்பான். 'ர்' பேச்சில் ஏறிக்கொண்டது. 'தவணைக் கோப்பு' என்று மட்டும் பெயராக்கிவிடாதீர்கள், இங்கே கந்தோரில் (அலுவலகத்தில்) அதை அலுமாரியில் தேடுவார்கள்.

எதிர்நிலைக்கு, அதாவது ஒரு திட்டம் முடியுமுன்னே அதை நம்பியிருக்கும் அடுத்தது அங்கீகாரத்துக்குப் போய்விடுவதற்கு, 'தவணைப் பிசகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சொல்லையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன்.