புதுப்பிப்பு: மருந்துச் சீட்டுத் தணிக்கை, மூன்று மாதம் கழித்து

எங்கள் கிளினிக்கில் எழுதும் ஆபத்தான மருந்துப் பரிந்துரைகள் பற்றி வரும் காலாண்டு அறிக்கையில் வெறும் சதவீதம்தான் இருக்கிறது, அதனால் பயனே இல்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். அந்தப் பரிந்துரைகளைப் பெற்ற நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டு வாங்கினோம்.

முதல் பெயரே நான் மருந்து எழுதிய ஒரு அம்மா. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், கால் வீக்கத்துக்கு ஃப்ரூஸமைடு, வேறொரு நாள் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி; மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. உடனே கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள்) ஏறியிருந்தது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி பாராசிட்டமால் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. நிம்மதிதான், ஆனாலும் மனசு உறுத்துகிறது.

அப்புறம் ஒரு திருத்தம். பயனே இல்லை என்று நான் எழுதியது தவறு. ஸ்காட்லாந்தில் 262 பொது மருத்துவ மையங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், காலாண்டு அறிக்கை பெற்ற மையங்களில் ஆபத்தான பரிந்துரைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே குறைந்தன.

சீட்டில்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரை மட்டும் எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் இப்போது பையில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்கிறோம்.