சொல் தேவை: சுவரில் மோதாமலே மறுபக்கம் போய்விடும் குண்டு

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு நிரலாக்கப் பாடநூலின் இயற்பியல் அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டனலிங்’ (tunnelling, நேர்ப்பொருள் சுரங்கவழிப் போதல்) ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை.

விளையாட்டில் நகர்வையும் மோதலையும் கணக்கிடும் நிரலான இயற்பியல் எஞ்சின் பொருள்களை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, படிப்படியாகத்தான் பார்க்கிறது. யூனிட்டி என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளில் இயல்பான படி 0.02 நொடி. நொடிக்கு 300 மீட்டர் போகும் குண்டு ஒரு படியில் 6 மீட்டர் தாவும். குறுக்கே 20 செ.மீ. சுவர் இருந்தால் இந்தப் படியில் குண்டு முன்னால், அடுத்த படியில் பின்னால். இரண்டிலும் சுவரைத் தொடவில்லை, எனவே மோதல் பதிவாகாது.

வரைவில் ‘ஊடுருவல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

———

> வரைவில் ‘ஊடுருவல்’

வேண்டாம். இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு புதைந்திருக்கின்றன என்பதற்கு அதே அதிகாரத்தில் ‘ஊடுருவல் ஆழம்’ வருகிறது. அந்த ஆழத்தை அளந்துதான் எஞ்சின் அவற்றைப் பிரித்துத் தள்ளும். இங்கே புதைவே நிகழவில்லை. ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால் மாணவர் குழம்பிப்போவார்.

———

சுரங்கவழிக்குச் ‘சுருங்கை’ இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் அகழி மருங்கில் யானை நிரை பெயரும் ‘சுருங்கை வீதி’ வருகிறது. சுருங்கு என்னும் வினையடி, குறுகிய வழி என்னும் பொருள். ‘சுருங்கைப் போக்கு’ என்றால் முடிந்தது.

———

ஐயா, சுருங்கையைக் கிரேக்கத்தின் ‘சிரிங்ஸ்’ என்பதோடு இணைத்து, வடமொழி ‘சுருங்கா’ வழியாக வந்ததாகக் கொள்வோரும் உண்டு. வேர் எதுவானாலும் சரி, என் மறுப்பு பொருள் பற்றியது. சுருங்கை என்றால் வழி ஒன்று இருக்க வேண்டும். இங்கே சுவரில் துளையே இல்லை, குண்டு அதற்குள் போகவும் இல்லை.

‘மோதாக் கடப்பு’ என்று வைக்கலாம். ‘மோதாத’ என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். முதல்முறை படிப்பவருக்கும் புரியும்.

பாடத்தில் இதையும் சேருங்கள். குண்டு 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால், அதன் மையம் 30 செ.மீ. பட்டைக்குள் விழும் படியில் மட்டுமே மோதல் தெரியும். 6 மீட்டர் தாவலில் 30 செ.மீ. என்றால் சுமார் 20-இல் ஒரு முறை. சோதிக்கும்போது அந்த ஒரு முறை வாய்த்துவிட்டால் நிரல் சரி என்று விட்டுவிடுவார்கள். படியைக் குறுக்கித் தப்பலாம் என்றால் நொடிக்கு 1000 படி வேண்டும், எஞ்சின் திணறும். முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குக் கதிர், அதாவது ஒரு கற்பனைக் கோடு, விட்டு நடுவில் ஏதும் தடுக்கிறதா என்று பார்ப்பது மலிவு. ஆனால் கதிருக்குத் தடிமன் இல்லை, உருண்டையின் ஓரம் தூண் விளிம்பில் உரசுவது அதில் சிக்காது. அதற்கு உருண்டையையே வழிநெடுக இழுத்துப் பார்க்க வேண்டும்.

———

அப்படியே இன்னொன்று. தீர்வுப் பகுதியில், இப்படி வழி முழுவதும் மோதலைப் பார்க்கும் எஞ்சின் வசதிக்குத் ‘தொடர் மோதல் கண்டறிதல்’ என்றிருக்கிறது. அதை வினைத்தொகையாகப் படித்தால் மோதல்தான் தொடர்கிறது, கண்டறிதல் அல்ல! ‘இடைவிடா மோதல் அறிதல்’ என்றாலும் அதே கோளாறு. ‘வழிநெடுக மோதலறிதல்’ நேராக இருக்கிறது.

அந்த வசதியை இயக்கிய பிறகும் சிலர் பொருளின் இடத்தை நேரடியாக எழுதி நகர்த்துவார்கள். அப்போது அது பயன்படாது. எஞ்சினுக்கு அது நகர்வே அல்ல, இடமாற்றம். வேகத்தைக் கொடுத்து நகர்த்தச் சொல்லுங்கள்.

———

எனக்கு ‘டனலிங்’ போதும். மாணவர் தேடப்போவது அதைத்தான். கட்டாயம் என்றால் மோதாக் கடப்புக்கு என் வாக்கு.

———

நன்றி. மூவர் ஏற்றதால் ‘மோதாக் கடப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் ‘டனலிங்’ பக்கத்தில் இருக்கும். ‘வழிநெடுக மோதலறிதல்’ என்பதையும் எடுத்துக்கொண்டேன்.

———

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பெயர் இருக்கிறது, வினை எங்கே? ‘குண்டு மோதாக் கடந்தது’ என்று எழுதுவீர்களா? நன்னூல் ‘செய்து செய்பு செய்யா’ என்று செய்யா வாய்பாட்டையும் உடன்பாட்டு வினையெச்சமாக வைக்கிறது. அதன்படி அந்தத் தொடருக்கு ‘மோதிக் கடந்தது’ என்றே பொருள் கொள்ள இடமுண்டு. வினை வரும் இடமெல்லாம் ‘மோதாமல் கடந்தது’ என்றாவது மாற்றுங்கள். சுருங்கையை அடுத்த பதிப்புக்கு மீண்டும் முன்வைப்பேன்.