தேக்காவில் ஒரு சீன ஆன்ட்டி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா என்றாலே, முஸ்தபா கடையில் நடுராத்திரி ஷாப்பிங், தீபாவளி நெரிசல் என்று அங்குள்ள சிராங்கூன் சாலைக் கதைகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் கதை முருங்கைக்காயில் தொடங்குகிறது.

2010இல், சிங்கப்பூர் வந்த புதிது. ஞாயிறு காலை அந்தச் சாலையில் உள்ள தேக்கா சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, அது முத்தல். இதை எடு" என்று ஒரு குரல். நிமிர்ந்தால், கடைக்காரச் சீன ஆன்ட்டி. எழுபது வயதிருக்கும். ஒரு காயை இரண்டு முனையிலும் பிடித்து லேசாக முறுக்கிக் காட்டினார். துணி பிழிகிற மாதிரி வளைந்து கொடுத்தது. ஊரில் அம்மாவும் இப்படித்தான் பார்த்து வாங்குவார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க, ஆன்ட்டி?"

"இங்கதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய மார்க்கெட், அங்க எங்க அப்பா கடை. வர்றவங்க எல்லாம் தமிழ் பேசுவாங்க. பேசலைன்னா எப்படி விக்கிறது?"

அவர் சொன்னது 1915இல் வந்த கண்டாங் கெர்பாவ் சந்தை. மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். இப்போதைய கட்டடத்துக்கு 1982இல்தான் மாறினார்கள். பக்கத்தில் ரோச்சோர் ஆறு, தண்ணீரும் புல்லும் தாராளம், அதனால் மாட்டு வியாபாரம் இங்கே செழித்தது. பஃப்ளோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்த எருமைகளின் பெயர்கள்தான். வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டியுள்ள பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி ஒருவரின் பெயர். அந்தக் கோயிலையே பெரியவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். அக்கம்பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தனவாம். கம்பம் என்பது மலாய்க் கம்போங், அதாவது கிராமம்.

அப்புறம் ஆன்ட்டி கேட்டார்: "தேக்கா என்ன பாஷை, தெரியுமா?"

தமிழ்தானே என்றேன். கையை ஆட்டிச் சிரித்தார். "எங்க சீன பாஷை, ஹொக்கியன்! மூங்கில் அடி. அப்ப இங்க மூங்கில் இருந்துச்சு."

தேக்கா நம்ம ஏரியா என்று நாம் உரிமையோடு சொல்கிறோம். அன்றிலிருந்து அந்த 'நம்ம'வில் இந்த ஆன்ட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காய்க்குக் காசு கொடுத்துக் கிளம்பினேன். ஆன்ட்டி கூப்பிட்டு நிறுத்தி, ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பைக்குள் திணித்தார். எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தேன்.

"காசு வேணாம், தம்பி. இது கொசுறு."