டெஸ்க்டாப்பில் யாரோ ஒருவரின் ஆதார் ஸ்கேன்: லோக்கல் அக்கவுண்டுக்கு மாறினால் சரியாகுமா?

தறிவீடு:
அப்பாவின் ஜிஎஸ்டி வேலைக்காக மூன்று மாதம் முன்பு ஒரு லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 பதிப்பு. கடையிலேயே எல்லாம் போட்டு, நாலு இலக்க பின் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தட்டினால் திறக்கிறது, அதற்கு மேல் நாங்கள் எதையும் நோண்டவில்லை.

நேற்று டெஸ்க்டாப்பில் நாங்கள் வைக்காத ஃபைல்கள். ஒரு காதுகுத்துப் பத்திரிகை, இரண்டு பேரின் ஆதார் ஸ்கேன், "பாப்பா ஃபீஸ்" என்று ஒரு பிடிஎஃப். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) நிரம்பிவிட்டது என்று ஓரத்தில் அறிவிப்பு வேறு. வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன், எதுவும் இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கம் போனால் கடையின் இமெயில்தான் நிற்கிறது. லோக்கல் அக்கவுண்டுக்கு, அதாவது இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் அக்கவுண்டுக்கு, மாற்றினால் போதுமா? அப்பாவுக்கு இமெயிலே கிடையாது. அந்த ஃபைல்களை இப்போதே அழித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மொட்டைமாடி:
முதலில் ஒன்று: எதையும் அழிக்காதீர்கள். இது வைரஸ் இல்லை. கடைக்காரர் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைப் பல பேர் லேப்டாப்பில் போட்டிருக்கிறார். ஒன்டிரைவ் பேக்கப் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேலே ஏற்றும். இரண்டு கணினியில் ஒரே அக்கவுண்ட் இருந்து, இரண்டிலும் பேக்கப் ஓடினால், இரண்டு டெஸ்க்டாப்பும் ஒன்றாகிவிடும். நீங்கள் இங்கே அழித்தால் அந்தக் காதுகுத்து வீட்டிலும் காணாமல் போகும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், அதில் எத்தனை குடும்பமோ.

பழைய சிஸ்டம்:
இதனால்தான் நான் எப்போதும் லோக்கல் அக்கவுண்ட் மட்டும்தான். என் கணினிக்குள் நான் நுழைய வெளியில் ஒருவரிடம் எதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்? யுவர் இன்ஃபோ பக்கத்தில் லோக்கல் அக்கவுண்டுக்கு மாறும் வழி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மொட்டைமாடி:
இந்த இடத்தில் அந்த ஐந்து நிமிட வேலை போதாது, அண்ணா. 24எச்2 புதிதாக வரும் லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு ஆரம்பித்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி) பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்த அக்கவுண்டில் போய் உட்காரும். அதாவது இப்போது கடைக்காரரிடம். நாளை ஒரு பயோஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, மதர்போர்டு மாற்றும்போதோ நீலத் திரை வந்து அந்தக் கீயைக் கேட்கலாம். கடை அன்றைக்கு இருக்குமா, அவருக்கு அந்த பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குமா? பெயரை லோக்கல் என்று மாற்றிவிட்டால் மட்டும் கீ உங்கள் கைக்கு வந்துவிடாது.

தறிவீடு, நான் செய்வதாக இருந்தால் இப்படிப் போவேன். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, முழுதாக முடியும்வரை காத்திருங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். அப்புறம் உங்கள் ஃபைல்களை மட்டும் பென் டிரைவுக்குக் கட் செய்து கொண்டுபோங்கள், காப்பி வேண்டாம். கட் செய்தால் மேலே இருக்கும் பிரதியும் நீங்கும். அங்குள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். மேகக் குறி இருக்கும் ஃபைல்கள் உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம், அதனால் நெட் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பென் டிரைவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் ஒன்டிரைவில் அன்லிங்க் கொடுத்து இந்தக் கணினியை அதிலிருந்து பிரிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தப் பழைய அக்கவுண்டை மாற்ற மெனக்கெடாமல், அதர் யூசர்ஸில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாத புது யூசர் ஒன்றைப் போட்டு, அவரை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். புதியதில் நுழைந்து எல்லாம் சரி என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம்.

சிம்மாற்றி:
அப்பாவுக்கு ஒரு சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் திறந்து கொடுத்தால் என்ன? பாஸ்வேர்டு மறந்தால் ஆன்லைனில் மீட்கலாம், கீயும் அவருடைய அக்கவுண்டிலேயே இருக்கும். லோக்கலில் மறந்தால் மூன்று பாதுகாப்புக் கேள்விகள்தான் கதி. என் மாமா "முதல் செல்லப்பிராணி" என்ற கேள்விக்கு என்ன எழுதினார் என்று வீடே உட்கார்ந்து யோசித்தது.

பழைய சிஸ்டம்:
ஆன்லைன் மீட்புக்கு ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? பெரியவர்கள் ரீசார்ஜ் போடாமல் சிம் செத்துப்போவது நம் ஊரில் புதிதா?

மொட்டைமாடி:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். லேப்டாப் வெளியே ஊர் சுற்றுவதாக இருந்தால் என்கிரிப்ஷனும் சொந்த அக்கவுண்டும் நல்லது, திருடு போனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மேஜையை விட்டு நகராத கணக்குக் கணினிக்கு லோக்கல் போதும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் பேக்கப் எடுக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஸ்டோரில் எதாவது தேவைப்பட்டால் அந்த ஆப்பில் மட்டும் சைன் இன் செய்யலாம், கணினி முழுக்கக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்ததா? அந்த உரிமம் முதலில் எந்த அக்கவுண்டில் ரிடீம் செய்து பதிந்தார்களோ அதோடு ஒட்டிக்கொள்ளும். பில்லோடு போய்க் கேளுங்கள்.

தறிவீடு:
முடித்துவிட்டேன். என்கிரிப்ஷன் ஆனில்தான் இருந்தது. ஆஃப் ஆகி முடிவதற்குள் சாப்பிட்டு வந்துவிட்டேன். அப்பாவின் பெயரில் லோக்கல் யூசர், பாஸ்வேர்டு டைரியின் கடைசிப் பக்கத்தில். ஆஃபீஸ் கடைக்காரரின் அக்கவுண்டில்தான் மாட்டியிருக்கிறது, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவர் அக்கவுண்டின் டிவைஸ் பட்டியலில் இருந்தும் எங்கள் லேப்டாப்பை நீக்கச் சொல்ல வேண்டும்.

பத்திரிகையில் போன் நம்பர் இருந்தது. அப்பா கூப்பிட்டுப் பேசினார். அவர்களும் அதே கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் நூல் பில்கள் இரண்டு மாதமாக அவர்கள் டெஸ்க்டாப்பில் இருந்தனவாம். லேப்டாப்போடு வந்தது போலிருக்கிறது என்று தொடாமல் வைத்திருந்தார்களாம். காதுகுத்துக்கு வரச் சொன்னார்கள்.